திங்கட்கிழமை ஏறிய வண்டி வெள்ளிக்கிழமை ஏன் திணறியது

எனக்கு வேகம் பிடிக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிக் கொஞ்ச தூரத்தில் ஒரு நேர் ஏற்றம் வரும். அங்கே கியரை இறக்கி ஆக்சிலேட்டரை மிதித்தால் டர்போ விழித்துக்கொண்டு முதுகை இருக்கையோடு சேர்த்து ஒரு தள்ளு தள்ளும். அந்தத் தள்ளலுக்காகத்தான் மலைமேல் வேலை பார்க்கிறேனோ என்று எனக்கே சில நாள் சந்தேகம் வந்திருக்கிறது.

மலைமேல் உள்ள பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். வீடு கீழே, கள்ளக்குறிச்சிக்கும் மலைக்கும் நடுவில், எங்கள் கரும்புக் கொல்லைக்கு ஓரமாக. காலை பஸ்ஸை நம்பிப் போனால் நான் போய்ச் சேரும்போது பிரேயர் முடிந்து முதல் பீரியடும் பாதி போயிருக்கும். சாயங்காலம் பஸ்ஸை விட்டால் ஜீப்பில் சாமை மூட்டைக்கும் மரவள்ளி மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்து வர வேண்டும். வண்டி இருந்தால் மலை வேலை உண்டு, வண்டி இல்லையென்றால் மாறுதல் கலந்தாய்வில் போய் நின்று கீழே ஏதாவது ஒரு பள்ளியைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மலை வேலையை விட எனக்கு மனமில்லை. அந்தப் பிள்ளைகள் என்னை நம்பிப் படிக்கிறார்கள், நானும் அவர்களை விட்டால் யாரிடம் கத்துவேன்?

வண்டியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் என் தம்பி. உளுந்தூர்பேட்டையில், சென்னை–திருச்சி சாலையோரம் கார்களுக்கு சைலன்சர் மாற்றுவது, வேகத்துக்கு ஏற்றபடி எஞ்சினைச் சீர் செய்வது என்று ஒரு கடையில் வேலை பார்க்கிறான். சென்னையில் யாரோ ஆசையாக வைத்திருந்து விற்ற ஸ்போர்ட்ஸ் மாடல் அது. சின்ன உடம்பு, பெரிய எஞ்சின், சிவப்பு நிறம். கொஞ்சம் ஆயில் குடிக்கும், மற்றபடி குதிரை. என் வீட்டுக்காரர் அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "டீச்சரம்மா ஃபயர் சர்வீஸ்ல சேந்துட்டாங்களா?" என்றார். அந்த வாரமே பின் சீட்டில் ஒரு யூரியா மூட்டையை ஏற்றி வைத்திருந்தார். பார்த்ததும் எனக்கு வந்ததே கோபம்! பக்கத்துக் கொல்லையில் களை எடுத்தவர்கள் நிமிர்ந்து பார்க்கும்படி கத்தினேன்.

"இன்னிக்கி சொல்றேன், கேட்டுக்கோங்க. இனிமே என் வண்டி மேல யாரும் கை வெக்கக் கூடாது. நீங்க உட்பட."

"சரி, வெக்கல," என்றார். மூட்டையை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் அப்படித்தான். நான் பத்து வார்த்தை பேசினால் அவரிடமிருந்து அரை வார்த்தை வரும்.

அந்த வண்டியில் தம்பி முதலில் செய்த வேலை சைலன்சரை மாற்றியது. பழைய குழாயைக் கழற்றிவிட்டு அகலமான குழாய் போட்டான். பின்னால் அதன் வாய் ஒரு சொம்பே நுழையும் அளவுக்கு இருந்தது. எதற்கு இது என்று கேட்டேன்.

"அக்கா, எஞ்சின் பெட்ரோல எரிச்சி முடிச்சதும் அந்தப் புகைய வெளிய தள்ளணும். குழா சின்னதா, வளைஞ்சி நெளிஞ்சி இருந்தா புகை முட்டிக்கினு நிக்கும். அது எஞ்சினையே திருப்பி அழுத்தும். அதுக்குத்தான் பேக் பிரஷர்னு பேரு. அது கம்மியானா எஞ்சினுக்கு வேல கம்மி, பவர் ஜாஸ்தி. அதுவும் டர்போ வண்டிக்கி இது தேன் மாதிரி."

எனக்குப் புரிந்தது. புரிந்ததென்று நினைத்தேன். சத்தம்தான் ஊரையே கூட்டியது, ஆனால் இழுவை இருந்ததே! நேர் ஏற்றத்தில் அந்தத் தள்ளல் இன்னும் சீக்கிரமாக வந்தது. தம்பி கெட்டிக்காரன் என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல.

கொஞ்ச நாளில் குழப்பம் தொடங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை நேர் ஏற்றத்தில் மிதிக்கிறேன், தள்ளலைக் காணோம். வண்டி போகிறது, ஆனால் மனமில்லாமல் போகிறது. எவ்வளவு மிதித்தாலும் ஒரு அளவுக்கு மேல் எஞ்சின் ஏறவே மறுத்தது. முன்னால் போன பால் வண்டியைக்கூட முந்த முடியவில்லை. சத்தமும் கொஞ்சம் அடங்கியிருந்தது. புதுக் குழாய் பழகிவிட்டது போலிருக்கிறது, புதுச் செருப்பு பழகுவதில்லையா என்று நினைத்துக்கொண்டேன். கீழே சமவெளியில் ஓட்டும்போது எந்தக் குறையும் தெரியவில்லை.

தம்பியை வரச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே திங்கட்கிழமை வண்டியை எடுத்தேன். நேர் ஏற்றத்தில் மிதித்தேன். தள்ளியது! பழையபடி, முதுகு ஒட்டும்படி தள்ளியது. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. செவ்வாயும் நன்றாகத்தான் போனது. புதன்கிழமை லேசாகச் சோர்ந்தது. வெள்ளிக்கிழமை மறுபடி திணறியது. அடுத்த திங்கட்கிழமை மறுபடி பறந்தது.

இதை யாரிடம் சொன்னாலும் சிரித்தார்கள். "லீவு முடிஞ்சி வந்தா யாருதான் சுறுசுறுப்பா இருக்க மாட்டாங்க டீச்சர்? வண்டியும் ஞாயித்துக்கிழமை ரெஸ்ட் எடுக்குது" என்றார் பள்ளியில் ஒருவர். வெள்ளிக்கிழமை ராகு காலத்துக்கு முன்னால் எடுக்கச் சொன்னார் இன்னொருவர். பெட்ரோல் பங்க்கை மாற்றினேன். பையில் இருந்த பரீட்சைத் தாள்களின் கனத்தைக்கூடச் சந்தேகப்பட்டேன். பைத்தியம் பிடிக்காத குறை.

தம்பி வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓட்டிப் பார்த்தான். வண்டி ஜம்மென்று ஏறியது. "இன்னாக்கா, நல்லாத்தான இருக்குது? ஒனக்கு வேகம் பழகிப்போச்சி. இப்ப இது பத்தல, அவ்ளோதான்" என்றான். அவனை அடிக்கக் கை ஓங்கினேன். வெள்ளிக்கிழமை வந்து பார் என்றேன். வெள்ளிக்கிழமை அவனுக்குக் கடை.

ஞாயிற்றுக்கிழமை பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஞாயிறு காலையில் கோயில் கிடையாது, சொந்தபந்தம் கிடையாது. கரும்புக்குச் சொட்டுநீர் போட்டிருக்கிறோம். போர் தண்ணீரில் வரும் மணலும் பாசியும் சொட்டுக் குழாயின் கண்களை அடைக்காமல் இருக்க, மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு ஃபில்டர் இருக்கும். உள்ளே மாவுச் சல்லடையைவிட நெருக்கமான கம்பி வலை. ஞாயிறு காலையில் அந்த வலையைக் கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். ஃபில்டருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு பிரஷர் மீட்டர்கள் உண்டு. கேட்காதவர்களுக்கும் விளக்குவார். "வலை அடைச்சா மோட்டார் பக்கம் முள்ளு ஏறும், வயலு பக்கம் எறங்கும். மோட்டாரு முக்கும், தண்ணி சொட்டாது. கழுவிட்டா ரெண்டு முள்ளும் ஒண்ணா நிக்கும்." இதை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவையாவது காதில் வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

தம்பியின் கடையில் ஒரு மூத்த மெக்கானிக் இருந்தார், டர்போ எல்லாம் வராத பைக் காலத்து ஆள். வண்டி இழுக்கவில்லை என்று தம்பி அவரிடம் சொன்னதும், "இழுக்காது. நீதான் பேக் பிரஷர் மொத்தத்தையும் எடுத்துட்டியே. அது இல்லாம வண்டி எப்படிப்பா இழுக்கும்? மலை ஏத்தத்துக்கு அதுதான் வேணும்" என்றாராம். தம்பி ஆடிப்போய்விட்டான். தான் போட்ட அகலக் குழாயால்தான் அக்கா வண்டி கெட்டது என்று முடிவு செய்து, எஞ்சினிலிருந்து வரும் நடுக் குழாயை மட்டும் வெட்டிவிட்டு அந்த இடத்தில் குறுகலான குழாயை வைத்துப் பற்றவைத்தான். பின்னால் இருக்கும் சொம்பு வாயை மட்டும் அவன் தொடவில்லை. அது அவனுடைய பெருமை. அதற்குள் எவன் எட்டிப் பார்க்கப் போகிறான்?

வண்டி முன்னைவிட மோசமானது. முன்பு வெள்ளிக்கிழமை வந்த நோய் இப்போது புதன்கிழமையே வந்தது.

"அப்ப பேக் பிரஷர் இருந்தா நல்லதாடா, இல்லாட்டி நல்லதாடா?" என்று போனில் கேட்டேன்.

"ரெண்டும்தான்க்கா," என்றான் பரிதாபமாக.

"டேய், ஒரு பதில் சொல்லு. உயிர வாங்காத."

"எனக்கே கொழப்பமா இருக்குதுக்கா."

அழுதுவிடுவான் போலிருந்தது. போனை வைத்துவிட்டேன். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் இயற்பியல் ஆசிரியரைப் பிடித்தேன். அவருக்கு சைக்கிள் பஞ்சர்கூட ஒட்டத் தெரியாது, ஆனால் விளக்கச் சொன்னால் சாப்பாட்டை மறந்துவிடுவார்.

"மேடம், ஓடிட்டு வந்து மூச்சு வாங்குறீங்க. அப்ப வாயப் பொத்திக்கிட்டு ஒரு ஸ்ட்ரா வழியா மட்டும் மூச்ச வெளிய விடுங்கன்னா என்ன ஆகும்? பழைய காத்து உள்ளயே தங்கிடும், புதுக் காத்துக்கு இடம் இருக்காது. எஞ்சினும் அதேதான். பேக் பிரஷர்ங்கறது ஒருநாளும் நல்லது பண்ணாது."

"அப்ப அந்த மெக்கானிக் சொன்னது?"

"அவர் பார்த்தது உண்மையா இருக்கும், பேரத்தான் மாத்தி வெச்சிட்டார். டர்போ இல்லாத எஞ்சின்ல குழாய் ரொம்ப அகலமானா புகை சோம்பலா போகும். அளவான குழாய்ல வேகமா போற புகை, பின்னால வர்ற புகையையும் இழுத்துக்கிட்டுப் போகும். வேணுங்கறது அந்த வேகம், அழுத்தம் இல்ல. அளவான குழாய்ல கொஞ்சம் அழுத்தமும் கூட வரும். அவர் அதைப் பார்த்துட்டு அதுதான் காரணம்னு நினைக்கிறார்."

"சரி சார். அப்ப என் வண்டி திங்கட்கிழமை ஏறி வெள்ளிக்கிழமை ஏன் திணறுது?"

அவர் அதுவரை மறந்திருந்த சோற்றைப் பிசையத் தொடங்கினார். "அது இயற்பியல்ல இல்ல மேடம்," என்றார்.

அதற்குள் எங்கள் கொல்லைக்குச் சர்க்கரை ஆலையிலிருந்து கரும்பு வெட்டு ஆணை வந்துவிட்டது. வெட்டு நடக்கும் நாட்களில் என் வீட்டுக்காரர் வீட்டில் தங்கமாட்டார். ஆட்களுக்குச் சாப்பாடு, லாரி வரவில்லை என்று போன், வந்த லாரி சேற்றில் இறங்கிவிட்டது என்று ஓட்டம். ஞாயிறு ஏது, திங்கள் ஏது? வெட்டும் கொல்லைக்குத் தண்ணீர் தேவையில்லை, அதனால் சொட்டுநீர் ஃபில்டரும் கழுவப்படாமல் கிடந்தது. வண்டிக்கு இப்போது திங்கட்கிழமையும் போய்விட்டது. எல்லா நாளும் வெள்ளிக்கிழமை.

அப்படி ஒரு காலை, பாதி மலையில், வளைவில் திரும்பும்போது எஞ்சின் இருமி நின்றேவிட்டது. பின்னால் பஸ். பஸ்ஸுக்குப் பின்னால் ஜீப்புகள். நான் ஸ்டார்ட் செய்கிறேன், நகர்கிறது, மறுபடி நிற்கிறது. கண்டக்டர் இறங்கி வந்து ஜன்னலில் குனிந்தார்.

"இன்னா டீச்சர், வண்டிக்கி மூச்சு வாங்குதா? எங்க பஸ்ஸு பழசுதான், ஆனா ஏறுது பாருங்க. வந்து ஏறிக்கிங்க, எடம் இருக்குது."

பஸ்ஸுக்குள் என் வகுப்புப் பிள்ளைகள் இருந்தார்கள். ஜன்னலெல்லாம் தலை. அவமானத்தில் எனக்குக் காது சூடானது. நாலு பேர் தள்ளி வண்டியை ஓரம் கட்டினார்கள். அதே பஸ்ஸில் பள்ளிக்குப் போய்விட்டு, சாயங்காலம் வண்டியை எடுத்து இறக்கத்தில் எப்படியோ வீடு வந்து சேர்ந்தேன். வந்ததும் பையைத் தூக்கி எறிந்தேன். வீட்டுக்காரர் வெட்டு ஆட்களுக்கு டீ கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

"வண்டிய வித்துடு," என்றார். "கலந்தாய்வு வருதில்ல, கீழ ஒரு எடம் வாங்கிக்கோ. தெனமும் அந்த வளைவுல நீ போறதும் வர்றதும்... எனக்குப் புடிக்கல."

"ஏன், உங்களுக்கு என் வண்டி கண்ண உறுத்துதா?"

"நடு வளைவுல நின்னா இன்னா பண்ணுவ? பின்னால லாரி வந்தா?"

"அது ஏறும். அதுக்கு ஏதோ அடைக்குது. உள்ள இருக்கற காத்து வெளிய போக முடியாம முக்குது. அது இன்னான்னுதான் எவனுக்கும் தெரியல!" என்று கத்திவிட்டு, அடக்க முடியாமல் அழுதேன். அழும்போது கோபம் இன்னும் கூடுகிறது எனக்கு, அது என் பிறவிக் குணம்.

அவர் வாசலில் நின்ற வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி," என்றார் கடைசியில். "ஞாயித்துக்கிழமையோட வெட்டு முடியுது. திங்கட்கிழமை நானும் வர்றேன். வண்டி நிக்காம வெள்ளிமலை ஏறுச்சின்னா நான் வாயத் தெறக்க மாட்டேன். நின்னுதுன்னா நீ கலந்தாய்வுக்குப் போற."

"போறேன்," என்றேன். என் வாய் இருக்கிறதே! அந்த வண்டி ஏறாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு நாள் எதுவும் ஓடவில்லை. பிள்ளைகளிடம் என்ன சொல்லிவிட்டு இறங்குவது என்று யோசித்து யோசித்து, துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். தம்பியைக் கூப்பிட்டேன், அவன் கடையில் ஆள் இல்லை என்று வரவில்லை.

திங்கட்கிழமை காலை வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். அந்த வண்டியில் நான் ஓட்ட அவர் உட்காருவது அதுதான் முதல் தடவை. கதவின் மேல் இருக்கும் கைப்பிடியைப் பிடித்தவர், மலை முடியும் வரை விடவில்லை. கச்சிராயபாளையம் தாண்டியது. முதல் வளைவு ஏறியது. நேர் ஏற்றம் வந்தது. குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு மிதித்தேன்.

தள்ளியது. ஐயோ, என்ன தள்ளல்! அவர் தலை சீட்டில் போய் முட்டியது. "ஏய், ஏய்!" என்று அவர் அலறினார், நான் சிரித்தேன், வாய்விட்டுச் சிரித்தேன். போன வாரம் நின்றுபோன வளைவில் வண்டி திரும்பியதே தெரியவில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்த அதே பஸ்ஸை அகலமான இடத்தில் முந்தினேன். ஹாரனை ஒரு தடவை கூடுதலாகவே அடித்தேன்.

வெள்ளிமலையில் டீக்கடை வாசலில் நிறுத்தினேன். பிரேயருக்கு இன்னும் நேரம் இருந்தது. வெற்றி என்னுடையது, ஆனால் மண்டை குழம்பிப் போயிருந்தது. யாரும் எதுவும் செய்யவில்லை, பிறகு எப்படி? தம்பியின் குறுகல் குழாய் இப்போதுதான் வேலை செய்கிறதா? மெக்கானிக் சொன்னதுதான் சரியா? வாய்விட்டே புலம்பிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரர் டீயை ஊதி ஊதிக் குடித்தார். "நேத்துதான் ஃபில்டர் கழுவுனேன் இல்ல, அதான் ஏறுது," என்றார்.

"கொல்லையில இருக்கற ஃபில்டருக்கும் என் வண்டிக்கும் இன்னாங்க சம்மந்தம்?"

"கொல்ல ஃபில்டர் இல்ல. இது வண்டியில இருக்கறது."

நான் டம்ளரை வைத்தேன். அவர் எழுந்து வண்டிக்குப் பின்னால் போய்க் குந்தினார். தோளில் கிடந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, சொம்பு வாய்க்குள் விரலை விட்டு ஒரு கட்டுக்கம்பியை முறுக்கி அவிழ்த்தார். ஒரு கிண்ணம் போல மடித்த கம்பி வலை வெளியே வந்தது. சொட்டுநீர் ஃபில்டரின் பழைய வலை. நேற்றுக் கழுவியதாம், ஒரே ஒரு மலை ஏறியதற்குள் ஓரமெல்லாம் எண்ணெய்க் கரி அப்பியிருந்தது.

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பும்படி கத்தினேன்.

"உங்களுக்கு அறிவு இருக்குதா? எஞ்சின் வுடற மூச்ச இப்படி அடைச்சி வெச்சிட்டு, ஏறல, வித்துடுன்னு என்னையே சொல்றீங்களா? இத எப்ப வெச்சீங்க?"

"ஒன் தம்பி பெரிய குழா போட்டானே, அதுக்கு ரெண்டு மூணு நாள் கழிச்சி. பின் சக்கரத்துக்கிட்ட விரியன் ஒண்ணு சுருண்டுக்கினு கெடந்தது. நான் அடிக்கறதுக்குள்ள வண்டிக்கி அடியில போயிட்டுது. அப்பறம் தேடித் தேடிப் பாத்தேன், காணோம்."

"அதுக்கு?"

"குழா வாயி அவ்ளோ பெருசா இருக்குது. உள்ள நொழைஞ்சிட்டா?"

"சைலன்சர்ல நொழைஞ்ச பாம்பு எங்கங்க போவும்? அங்கயே கெடந்து வெந்து சாவும்!"

"எனக்கு இன்னா தெரியும்? குழான்னா ஒரு பக்கம் நொழைஞ்சது இன்னொரு பக்கம் வெளிய வரும். நீ கால் வெக்கற எடத்துல வந்துட்டா? அதுவும் வளைவுல போய்க்கினு இருக்கும்போது?"

டீக்கடைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே திரும்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரும்புக் கொல்லைக்காரருக்குப் பாம்பு எங்கெல்லாம் நுழையும் என்று தெரியும். குழாய் என்றால் அவருக்குத் தண்ணீர்க் குழாய்தான். வலை வைத்தால் வாராவாரம் கழுவ வேண்டும் என்பதும் தெரியும், அதனால் ஞாயிறுதோறும் இரண்டு வலைகளையும் சேர்த்தே கழுவியிருக்கிறார். எனக்குத் திங்கட்கிழமை கிடைத்த அந்தத் தள்ளல் அந்தப் பல் துலக்கும் பிரஷ்ஷிலிருந்து வந்தது.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீதான் வண்டி மேல கை வெக்கக் கூடாதுன்ன."

வேறொன்று கேட்டேன். "வலையாலதான் திணறுதுன்னு உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அன்னிக்கி நீ அழுதுக்கினு சொன்னியே, காத்து வெளிய போவாம முக்குதுன்னு. அப்பதான் ஒறைச்சுது. மீட்டர் இல்லாததால இத்தினி நாளு தெரியல."

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை கழுவும்போதே அவருக்குத் தெரியும். நான் மலை ஏறுவது அவருக்குப் பிடிக்கவில்லை. பந்தயம் கட்டியவரும் அவரே. சும்மா இருந்திருந்தால் போதும், வண்டி நடு மலையில் நின்றிருக்கும், நான் கொடுத்த வாக்குக்குக் கீழே வந்திருப்பேன், அவர் நிம்மதியாக இருந்திருப்பார்.

"நீங்க கழுவாம வுட்டிருந்தா நான் எறங்கி வந்திருப்பேனே," என்றேன். "அதானே உங்களுக்கு வேணும்? அப்பறம் ஏன் கழுவுனீங்க?"

அவர் வலையைத் துண்டில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டார். "அடைச்சிக்கினு முக்கறது தெரிஞ்சப்பறம் எப்படி அப்படியே வுடறது?" என்றார். அதற்குள் பள்ளியில் மணி அடித்தது. அவர் மலையிறங்க நின்ற ஒரு ஜீப்பில் போய் ஏறிக்கொண்டார். என்னோடு இன்னொரு தடவை அந்த வண்டியில் வர அவருக்குத் தைரியம் இல்லை.

நான் கலந்தாய்வுக்குப் போகவில்லை. தம்பி விஷயம் தெரிந்து தலையில் அடித்துக்கொண்டு, வந்து அகலக் குழாயையே திரும்பப் போட்டான். வண்டி இப்போது எல்லா நாளும் ஏறுகிறது. மெக்கானிக் மட்டும் பேக் பிரஷர் வேண்டும் என்றே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். இயற்பியல் ஆசிரியர் அவருக்கு விளக்க உளுந்தூர்பேட்டைக்கே போகலாமா என்று கேட்கிறார். புகையின் வேகம் ஏன் இழுக்கிறது என்பது எனக்கு இன்றுவரை பாதிதான் புரிந்திருக்கிறது. என் வீட்டுக்காரரை நான் புரிந்துகொண்டிருப்பது அதிலும் பாதி.

காலையில் நான் பையை எடுத்துக்கொண்டு வரும்போது அவர் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு கழியோடு நிற்கிறார். வண்டியில் கை வைப்பதில்லை. அடியில் கழியை விட்டுத் தட்டுகிறார், நாலு சக்கரத்தையும் சுற்றி வருகிறார், கடைசியில் குந்தி செல்போன் வெளிச்சத்தை அந்தச் சொம்பு வாய்க்குள் அடித்துப் பார்க்கிறார். மலைக்குப் போவது இன்னும் அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிகிறது. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வழி விடுகிறார்.

"ஒண்ணும் இல்ல, போ," என்கிறார்.